2,050 ரூபாயில் அடங்கிய ஸ்டீயரிங்

எங்கள் வீட்டு மாருதி 800-இன் ஸ்டீயரிங் ஆடுகிறது என்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அத்தை மகன் சொல்லித்தான் தெரிந்தது. மேல்மருவத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். செங்கல்பட்டிலிருந்து அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். பாலாற்றுப் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடித்ததும் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மாமண்டூர் தாண்டி ஓர் ஆம்னி பஸ் எங்களை ஒட்டி முந்திப் போனபோது வண்டி ஒரு முழம் இடப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"ஏய், இது காரா, பரிசலா? நான் திருப்பறேன், அது கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத் திரும்புது. இதுலயா நீ தினம் பேங்குக்குப் போற?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அப்போதுதான் என் கைகளையே கவனித்தேன். நேர் ரோட்டில்கூட அவை சும்மா இல்லை. இடது, வலது, இடது, வலது என்று சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்தன. இத்தனை நாளாக வண்டி நேராகப் போனதற்குக் காரணம் வண்டி இல்லை, நான். வலது தோள்பட்டை வலிக்கு ஆபீஸ் நாற்காலியைத் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வரும் கோளாறுக்கு இந்தத் தந்திரம் உண்டு. தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குத்தான் குழாய் சொட்டும் சத்தம் கேட்கும்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. 2004-இல் அப்பா புதிதாக வாங்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், பவர் ஸ்டீயரிங் கிடையாது. அப்பா போன பிறகு "வித்துடலாமே" என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்ட விலைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ்கூட வராது. நானே வைத்துக்கொண்டேன்.

இன்னொரு அவசரமும் இருந்தது. 2024 அக்டோபரில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காருக்கு முதல் 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-இல் அப்பா புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000. பசுமை வரி தனி. (2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். நான் தப்பித்தேன்.) பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்துவிட்டு "போய் சரி பண்ணிட்டு வாங்க" என்று சொன்னால் லீவும் வீண், அலைச்சலும் வீண். அதனால் அதற்குள் முடித்தாக வேண்டும், அதுவும் 3,000 ரூபாய்க்குள்.

முதலில் போனது கொஞ்சம் பெரிய ஒர்க்‌ஷாப். ஏ.சி. ரூமில் காபி கொடுத்தார்கள். ஒருவர் வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கை இரண்டு தடவை ஆட்டினார், இறங்கினார், எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தார். ஸ்டீயரிங் ரேக் முழுசாக, டை ராட் எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டு) இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) இரண்டு, லேபர், அலைன்மென்ட் (சக்கரங்களை நேர்படுத்துவது). மொத்தம் 9,600.

"இதுல எது தேஞ்சிருக்கு சார்?"

"பழைய வண்டி மேடம். எல்லாமே தேஞ்சிருக்கும்."

வண்டியை ஜாக்கியில்கூட ஏற்றவில்லை. காபி நன்றாக இருந்தது, வந்துவிட்டேன்.

அடுத்தது ரோட்டோர மெக்கானிக். இவர் நேர் எதிர். கேள்வியே கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தார், உள்ளே கையை விட்டார், ஸ்பேனரை வைத்து எதையோ இறுக்கினார். பத்தே நிமிடம், 200 ரூபாய். "டைட் வெச்சிருக்கேன்க்கா, ஓட்டிப் பாருங்க." ஓட்டினேன். அடடா, புது வண்டி மாதிரி கின்னென்று இருந்தது. சந்தோஷமாக வந்து எங்கள் தெரு முனையில் வண்டியைத் திருப்பினேன். திரும்பியது. ஆனால் திரும்பிய ஸ்டீயரிங் நேராக வரவில்லை! வழக்கமாகக் கையைத் தளர்த்தினால் தானாகச் சுழன்று நடுவுக்கு வந்துவிடும். இப்போது அப்படியே நின்றது. நான் இழுத்துத் திருப்புவதற்குள் எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் ஒரு சக்கரம் ஏறிவிட்டது. அந்த அம்மாள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அவர் செய்தது என்ன என்று அப்புறம் புரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதையே எழுத ஆரம்பித்தேன்.

ஸ்டீயரிங் தண்டின் அடி நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, அதுதான் பினியன். அது ரேக் என்கிற பல் வைத்த கம்பியின் மேல் உருண்டு கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரண்டு நுனியிலும் உள்ள டை ராட்கள் அந்தத் தள்ளலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோய்த் திருப்புகின்றன. பல்லும் பல்லும் விலகாமல் இருக்க ரேக்கின் முதுகில் ஒரு கட்டையை ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்குரூ உண்டு. அவர் இறுக்கியது அதைத்தான். விஷயம் என்னவென்றால், 20 வருடம் ஓடிய ரேக்கில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் நடுப்பல் நாலைந்துதான் தேய்ந்திருக்கும். முழு ஒடிப்பில் வேலை செய்யும் ஓரத்துப் பற்கள் கிட்டத்தட்ட புதுசு. நடுவில் லூஸ் தீரும் அளவுக்கு இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். நம் வண்டியில் ஆட்டத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருந்தும், அதைத் தேடாமல் இங்கே இறுக்கி மறைத்துவிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பழையபடி தளர்த்திவிடச் சொன்னேன். காசு வாங்காமல் செய்தார். முகத்தைத்தான் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவின் டைரியை எடுத்தேன். வண்டிக்கென்றே ஒரு நீள நோட்டு. வண்டிக்குள் போன ஒவ்வொரு லிட்டர் ஆயிலும் அதில் தேதியோடு, கிலோமீட்டரோடு, விலையோடு இருக்கும். 2013-இல் ஒரு வரி: "டை ராட் எண்டு – வலது மட்டும். இடது பரவாயில்லை, அடுத்த முறை." அந்த அடுத்த முறை வரவேயில்லை. பதினோரு வருடமாக இடது பக்கம் காத்திருந்திருக்கிறது. 9,600 ரூபாய் எஸ்டிமேட்டில் இல்லாத தகவல் ஒரு நோட்டில் சும்மா கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் வேலையாக நாலு டயரிலும் காற்று. காற்று குறைந்த டயரும் ஸ்டீயரிங்கைக் குழப்பும் என்பதால் அதைச் சரி செய்யாமல் வேறு எதையும் பார்ப்பதில் அர்த்தமில்லை. அப்புறம் அளப்பது. அம்மாவின் தையல் டேப்பை வாங்கி ஸ்டீயரிங் விளிம்பில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சக்கரம் நேராக நிற்கும்போது, ஸ்டீயரிங்கை ஒரு விரலால் மெதுவாக இடது பக்கம் நகர்த்தி, முன்சக்கரம் அசையத் தொடங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். அதே மாதிரி வலது பக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ப்ளே. இந்த மாதிரி வண்டிக்கு 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு வந்தது 65.

அடுத்த சோதனைக்கு இன்னோர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான். 74 வயது. இருபது வருடமாக இந்த வண்டியின் இடது சீட்டைத் தவிர வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை.

"நானா? ஓட்டறதுக்கா?"

"ஓட்ட வேணாம்மா. எஞ்சின் ஓடாது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டணும். சக்கரம் திரும்பற அளவுக்கு வேணாம்."

"தொட்டில் ஆட்டற மாதிரியா?"

"அதேதான்."

சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். ஆட்ட ஆரம்பித்தாள். ஸ்டீயரிங் அசையவே இல்லை. "என்னடி, பிடிச்சுக்கிட்டிருக்கு?" சாவியைப் போடாமல் விட்டுவிட்டேன், ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கிறது. சாவியை ஒரு திருப்பு திருப்பியதும் விட்டது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் லேசாகத் திரும்பிவிடும், எங்கே ஆட்டம் என்று தெரியாது. தரையில் இருந்தால் டயர் பிடித்துக்கொள்ளும், அதனால் லூஸ் இருக்கும் இடம் மட்டும் அசையும்.

நான் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரை வரிசையாகப் போனேன். முதலில் பெடலுக்குப் பின்னால் தலையை விட்டு, டார்ச் அடித்து, தண்டு கீழே போகும் ஜாயிண்ட்டைப் பார்த்தேன். மேல் பாதி அசையும்போதே கீழ்ப் பாதியும் அசைந்தது. சரி, அங்கே ஒன்றும் இல்லை. (இங்கே மேல் பாதி முதலில் அசைந்து கீழ்ப் பாதி பின்னால் வந்தால் ஜாயிண்ட் போச்சு, இல்லையென்றால் அதன் போல்ட் லூஸ். இறுக்கினாலே தீர்ந்துபோகிற கேஸ்களும் உண்டு.)

அப்புறம் பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குப் பின்னால், ரேக் உட்கார்ந்திருக்கும் இடம். "ஆட்டும்மா." ரேக் உள்ளே கம்பிதான் நகர வேண்டும், மேல் குழாய் அசையக் கூடாது. ஆனால் குழாயே இடமும் வலமும் நகர்ந்தது! ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம் இருக்கும். ரேக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் பட்டைக்குள் ஒரு ரப்பர் இருக்கிறது. அது கறுப்பாகப் பளபளவென்று ஊதியிருந்தது. நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. மேலே பார்த்தால் காரணம் தெரிந்தது. எஞ்சின் டாப் கவர் பேக்கிங்கிலிருந்து ஆயில் கசிந்து, பின்பக்கமாக வழிந்து, நேராக அந்த ரப்பர் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. கசிவு எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். "ஆயில்தானே, சொட்டினால் சொட்டட்டும்" என்று விட்டிருந்தேன். ஆயில் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும் என்பது அப்போது தோன்றவில்லை.

கடைசியாகச் சக்கரம். 800-க்கு அடியில் புகுந்து படுக்க இடமில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டால் டை ராட் எண்டு கைக்குக் கிட்டும். ஒரு குண்டு, அது சுழலும் ஒரு கிண்ணம், அதை மூடிய ரப்பர். நம் தோள் மூட்டு மாதிரிதான். குண்டின் பக்கமும் கிண்ணத்தின் பக்கமும் சேர்த்து விரலை வைத்துக்கொண்டு ஆட்டச் சொன்னால், நன்றாக இருக்கும் மூட்டில் இரண்டும் ஒன்றாக நகரும். வலது பக்கம் அப்படித்தான். இடது பக்கம் விரலில் 'டிக்' என்று ஒரு தட்டு. திரும்பி வரும்போது இன்னொரு 'டிக்'. ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

"போதுமா? கை வலிக்குது" என்றாள் அம்மா. பிறகு, "இடது பக்கம்தானே? உங்கப்பா அப்பவே சொன்னார்." இதை நேற்று ராத்திரியே சொல்லியிருக்கலாம்.

உறுதி செய்துகொள்ள ஒவ்வொரு முன்சக்கரமாக ஜாக்கியில் தூக்கினேன். ஸ்டெப்னியை எடுத்துப் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டேன், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும். செங்கல்லை மட்டும் முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் வீல் பேரிங் அல்லது லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். எனக்கு இரண்டு பக்கமும் கல்லு மாதிரி இருந்தது. எஸ்டிமேட்டில் இருந்த லோயர் ஆர்ம் இரண்டும் அந்த நிமிடமே கழன்றுவிட்டன. பக்கவாட்டில் பிடித்து ஆட்டியபோது இடது சக்கரம் மட்டும் தன் 'டிக்'கைச் சொன்னது.

ஆக, மாற்ற வேண்டியது டை ராட் எண்டு, ரேக் ரப்பர், ஆயில் கசியும் பேக்கிங். அவ்வளவுதான். செலவில்லாமல் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரமும் ஓர் அம்மாவும் ஆனது.

அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாரும் ஒரு தடவையாவது அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கடையில் கதவுகள் மட்டும், இன்னொன்றில் சைலன்சர் மட்டும், வாசலில் எஞ்சின்கள் மழைக்கு நனைந்த எருமைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆசை யாரை விட்டது? "800 ரேக் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். எடுத்துப் போட்டார். 1,800 சொன்னார்.

"ஒரிஜினல்மா. கம்பெனி வண்டியில கழட்டினது."

பினியன் தலையைக் கையில் பிடித்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் இறுக்கம், நடுவுக்கு வந்ததும் லொடலொட, மறுபடி இறுக்கம். என் வண்டியில் இருக்கிற அதே நோய். பழைய ரேக்கை விற்கிறவர் எவரானாலும் நேராக ஓடிய வண்டியிலிருந்துதானே கழற்றியிருப்பார்? கீழே வைத்துவிட்டேன். அவரும் வருத்தப்படவில்லை, அடுத்தவரிடம் அதே ரேக்கை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

டை ராட் எண்டு மட்டும் பழசு வாங்கவே கூடாது, எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும். அந்தக் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் சம்பந்தம் அறுந்துவிடும். அதில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? புது உதிரி பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் புதுசாக வாங்கினேன். வலது பக்கம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் 2013-இல் போட்டது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் அலைன்மென்ட் ஒரே தடவையோடு முடியும். முதலில் கொடுத்த ஜோடியில் ஒன்று கட்டை விரலால் தள்ளினாலே குண்டு சுலபமாகச் சாய்ந்தது. புதுசு அப்படிச் சாயாது, விறைப்பாக எதிர்க்க வேண்டும். வேறு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து வேறு பெட்டி எடுத்து வந்தார். ஜோடி 680. ரேக் ரப்பர் 160. டாப் கவர் பேக்கிங் 120. ஸ்பிளிட் பின் பத்து ரூபாய்க்கு ஒரு கை நிறையக் கொடுத்தார்.

மாட்டுவதற்கு எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான், ஞாயிறு லீவு. டை ராட் எண்டு மாற்றுவதில் சூட்சுமம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, அது எத்தனை மரை உள்ளே போயிருக்கிறது என்பது. அதை வைத்துத்தான் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது. அதனால் லாக் நட்டை லேசாகத் தளர்த்தியதும் அது நின்ற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். தம்பி சிரித்தான். "சிரிக்காதடா, பெயின்ட் டப்பா திறந்தா ஒரு கோட்டுக்கு டப்பாவே வீணாப்போகும்."

இரண்டு, குண்டின் தண்டு கூம்பு வடிவில் இருக்கும், இத்தனை வருடத்தில் ஓட்டைக்குள் உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கும். ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு நட்டைக் கழற்றியதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், தண்டின் தலையிலேயே சுத்தியலால் ஓங்கி அடிக்க. அடித்தால் மரை நசுங்கும், தண்டு வராது. தம்பி நட்டை நாலு சுற்று விட்டு அப்படியே வைத்தான், தண்டு திடீரென்று விழாமல் இருக்க. பிறகு ஓட்டை இருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் ஒரு சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சுத்தியலால் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடிக்கு 'டப்' என்று தானாகக் கீழே விழுந்தது. அடியில் பலம் வேண்டாம், அந்தக் காது ஒரு கணம் நசுங்கி விரிந்தால் போதும், பிடி விட்டுவிடும்.

அதை டை ராடிலிருந்து திருகிக் கழற்றும்போது நான் சத்தமாக எண்ணினேன். பதினெட்டரைச் சுற்று. வாசல் திண்ணையிலிருந்து அம்மாவும் கூட எண்ணினாள், அவளுக்குப் பதினெட்டுதான் வந்தது. நெயில் பாலிஷ் கோடு என் பக்கம் சாட்சி சொன்னது. புதியதைப் பதினெட்டரைச் சுற்று உள்ளே விட்டு, நட்டை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டு வளைத்தான். பழைய பின்னைத் திருப்பி நிமிர்த்திப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பத்து ரூபாய்க்கு ஒரு கை நிறையக் கிடைக்கும் சாமானில் அது வேண்டாம்.

ரேக் ரப்பரும் பேக்கிங்கும் அவனுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எட்டாத இடத்தில் இருக்கும் போல்ட்டும் அவன் முணுமுணுத்த வார்த்தைகளும்தான். சாப்பாடும் 500 ரூபாயும் கொடுத்தேன்.

வண்டியை எடுப்பதற்கு முன் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அதே தையல் டேப்பால் அளந்து பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை, அலைன்மென்ட் கடை வரை ஓட்ட அது போதும். கடையில் 350. அங்கே ஒரு விஷயம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அலைன்மென்ட் முடிந்து ஸ்டீயரிங் கோணலாக நின்றால், சிலர் ஸ்டீயரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். பார்க்க நேராக இருக்கும், ரேக் நடுவில் இருக்காது. இடது டை ராடையும் வலது டை ராடையும் சமமாகத் திருகித்தான் நேராக்க வேண்டும். இதைச் சொன்னதும் அந்த அண்ணன், "தெரியும்மா, நான் அப்படித்தான் செய்வேன்" என்றார். செய்தார்.

வீட்டுக்கு வந்து மறுபடி டேப் ஒட்டி அளந்தேன். 24. 65-இலிருந்து 24! மிச்சம் இருப்பது அந்த நடுப்பல் தேய்மானம். அதற்குப் புது ரேக்தான் மருந்து. கணக்குக்குள்தான் இருக்கிறது என்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டேன். பாலாற்றுப் பாலத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே போய்வந்தேன். காற்று அடித்தது, 650 கிலோ வண்டி கொஞ்சம் அசையத்தான் செய்யும், ஆனால் திருப்பியதும் திரும்பியது. யோசிக்கவில்லை.

செலவு: சாமான் 970, தம்பிக்கு 500, அலைன்மென்ட் 350, ரயில் போக வர 30, முதலில் இறுக்கியவருக்குக் கொடுத்த 200. மொத்தம் 2,050. அப்பாவின் நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதிவிட்டேன். "இடது: மாற்றியாச்சு."

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அக்டோபர் இரண்டாவது வாரம் போனேன். ஸ்டீயரிங்கைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சேசிஸ் நம்பரைப் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட். பின்னால் போய் நின்றார். ஸ்டீயரிங் பக்கம் அவர் வரவே இல்லை.

"நம்பர் பிளேட் லைட் எரியலையேம்மா. மாத்திட்டு வாங்க."

எதிர்க் கடையில் பல்பு 15 ரூபாய். இதை அந்த 2,050-இல் சேர்க்கவில்லை.